நானா செர்வாவின் வாய்

'எழு மகளே ஆப்பிரிக்க மகளிர் வழிகாட்டு மன்ற'த்தில் அனுமதி இல்லாமல் யாரும் எழக் கூடாது. இது மன்றத்தின் முதல் விதி. கானாவின் தலைநகர் அக்கராவில், விமான நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் மன்றம் இருந்தது. வங்கி, வக்கீல் தொழில், மருந்து, எண்ணெய் என்று பல துறைகளில் பாதி ஏணியில் நிற்கிற பெண்களை மீதி ஏணி ஏற்றிவிடுவது அதன் கொள்கை. கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் பெரும்பாலும் வேலை செய்யாது.

எக்குவா மென்சிமா அங்கே தானாகப் போகவில்லை, அனுப்பப்பட்டாள். அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்டஈடு விசாரணைப் பிரிவில் இருந்தாள். எரிந்தது, மூழ்கியது, திருடு போனது என்று பணம் கேட்டு வருகிறவர்களின் இடத்துக்கே போய், எரிந்ததும் மூழ்கியதும் மெய்தானா என்று பார்ப்பது அவள் வேலை. சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போட்டது. தங்கை அஜுவாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் "பையன் குடிக்க மாட்டான்" என்றபோது, "பக்கத்துல இருந்து பாத்த சாட்சி யாரு?" என்று கேட்டவள் அவள். அந்தச் சம்பந்தம் எப்படியோ பிழைத்தது, ஆனால் மாப்பிள்ளை இன்றைக்கும் அவள் எதிரில் தண்ணீர் குடிக்கக்கூட யோசிப்பார்.

பிரிவின் தலைமைப் பதவி காலியானபோது, இந்தத் தடவை தனக்குத்தான் என்று எக்குவா நினைத்தாள். நினைக்க நியாயம் இருந்தது. இதற்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அவளிடம் வேலை கற்றவர்கள். கற்றுக்கொண்டு மேலே போனவர்களில் ஒருவர்தான் இப்போது பொது மேலாளராக இருக்கும் திரு. லாம்ப்டே.

"எக்குவா, உங்க திறமையில எனக்குத் துளி சந்தேகம் இல்ல," என்றார் லாம்ப்டே. "ஆனா தலைமைக்கு வர்ற பொம்பளைங்க வழிகாட்டல் முடிச்சிருக்கணும்னு புது விதி. 'எழு மகளே'யில சேந்துடுங்க."

"ஆம்பளைங்களுக்கு, சார்?"

"ஆம்பளைங்களுக்கு எதுக்கு? நாங்க பீர்க்கடையிலேயே ஒருத்தருக்கொருத்தர் வழிகாட்டிக்கிறோமே."

அதே நாளில் இன்னொரு வேலையையும் அவர் அவள் தலையில் கட்டினார். டேமா மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு குளிர்க்கிடங்கு தீப்பற்றி எரிந்துவிட்டது. உள்ளே கூரை முட்ட உறைந்த மீன் இருந்ததாம், அத்தனையும் போய்விட்டதாம். "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குப் போய்ப் பாத்துட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். சம்பிரதாயம் என்ற சொல்லைக் கேட்டதும் எக்குவாவுக்கு மூக்கு அரித்தது.

மன்றத்தில் வழிகாட்டி கிடைப்பது சுலபமில்லை. பெண் கேட்கப் போகிறவர்கள் சாராயப் புட்டியோடு போய்க் கதவைத் தட்டுவது அந்த ஊர் வழக்கம். மன்றமும் அதையே வைத்திருந்தது. எக்குவா புட்டியோடு கதவைத் தட்டினாள். "யார் தட்டுவது? என்ன தேடி வந்தாய்?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. "எங்க ஆபீஸ்லேர்ந்து அனுப்பினாங்க" என்றாள். அது சரியான விடை இல்லையாம். "வழி தவறிய குஞ்சு தாய்க்கோழியைத் தேடி வந்தேன்" என்று சொல்லும்வரை கதவு திறக்கவில்லை.

தாய்க்கோழியின் பெயர் நானா செர்வா, மன்றத்தின் தலைவி. மற்றப் பெண்களுக்கு அவருக்குக் கீழே இருந்த வழிகாட்டிகள்தான், எக்குவாவுக்கு மட்டும் அவரே. ஊர்த்தலைவர்களையும் பெரியவர்களையும்தான் 'நானா' என்பார்கள். செர்வா எந்த ஊருக்கும் தலைவி இல்லை. மன்றத்தின் செயலாளர் அம்மா இதை விளக்கினார்: தலைமை ஊரில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது. ஆகவே நானாவுக்கு மேடை இருந்தது, பட்டுக்குடை இருந்தது, குடை பிடிக்க ஆள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசர்களுக்கு இருப்பது போல ஓர் ஓச்சாமே இருந்தார்.

அரசர் நேராகப் பேசக் கூடாது. அவர் ஓச்சாமேயின் காதில் சொல்வார், ஓச்சாமே அதை அழகுபடுத்தி ஊருக்குச் சொல்வார். ஊர் சொல்வதும் அவர் வழியாகத்தான் அரசருக்குப் போகும். நானாவின் ஓச்சாமே பெயர் அம்பொன்சா. அதற்கு முன் இழவு வீடுகளில் மைக் பிடித்து, யார் வீட்டிலிருந்து என்ன மொய் வந்தது என்று அறிவித்துக்கொண்டிருந்தவர். நல்ல கணீர்க் குரல். கையில் தங்கப்பூச்சுத் தடி, அதன் உச்சியில் கைப்பை மாட்டிய ஒரு பெண் பொம்மை.

முதல் சந்திப்பில் எக்குவா, தனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்த ஒன்றைக் கேட்டாள். "ஐயா, நேர்முகத்துல 'ஆம்பளைங்க உன் பேச்சைக் கேப்பாங்களா'ன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்றதுன்னு நானாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அம்பொன்சா நானா பக்கம் திரும்பினார். "தாயே! கடலோரத்திலிருந்து கண்ணீரோடு வந்து மண்டியிட்டிருக்கும் இந்த மகள்..."

"நான் அழவும் இல்ல, மண்டியும் போடலியே?"

"மரபும்மா, மரபு. கம்முனு இருங்க," என்று வாய்க்குள் சொல்லிவிட்டு அவர் தொடர்ந்தார்.

நானா குடைக்குள்ளிருந்து லேசாகச் சாய்ந்து அம்பொன்சாவின் காதில் ஏதோ முணுமுணுத்தார். எக்குவா முன்வரிசையில் இருந்தாள், அவளுக்குக் காது பாம்புக் காது. "ஏசியைக் கூட்டச் சொல்லுய்யா" என்றுதான் அவளுக்குக் கேட்டது.

அம்பொன்சா நிமிர்ந்து தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "தாயார் அருளுகிறார்! தலைமைக்கு வருகிற பெண் முதலில் தன்னைச் சூழ்ந்திருக்கும் வெம்மையைத் தணிக்கக் கற்க வேண்டும். வெம்மை தணிந்த இடத்தில் ஆண்கள் தாமாகவே அமர்வார்கள்!" இப்படித் தொடங்கி, ஆற்றைக் கடக்கும் முன் முதலையின் மூக்கைப் பழிக்காதே என்பதுவரை போய், நெடுநேரம் கழித்து முடித்தார். பெண்கள் வரிந்துகட்டிக்கொண்டு குறிப்பெடுத்தார்கள். பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஏசியையும் கூட்டினார்கள்.

வகுப்புகளும் நடந்தன. செயலாளர் அம்மாவே முக்கியமான வகுப்பை எடுத்தார். "சகோதரிகளே, நான் வாழ்க்கையில ஒரு நாள்கூட ஆபீஸ்ல வேலை பாத்ததில்ல. அதனாலதான் ஆபீஸைப் பத்தி எனக்கு எந்தத் தப்பெண்ணமும் கிடையாது. உங்க யோசனையைப் பக்கத்துல இருக்கிற ஆம்பளை தன்னோடதுன்னு கூட்டத்துல சொன்னா என்ன செய்யணும்? சிரிக்கணும். பல் தெரியாம சிரிக்கணும். பல் தெரிஞ்சா பதவிவெறின்னு சொல்லிடுவாங்க." பிறகு எல்லாரும் பல் தெரியாமல் சிரித்துப் பழகினார்கள். எக்குவா சிரித்தபோது, "இது சந்தேகமா பாக்கிற மாதிரி இருக்கே" என்றார் செயலாளர். "அதான் என் வேலைங்க" என்றாள் அவள்.

மன்றத்துக்கென்று தனித்துணி அச்சடித்திருந்தார்கள். நீலத்தில் நானாவின் முகம் வட்டவட்டமாக இருக்கும், அதில்தான் எல்லாரும் உடை தைத்துக்கொள்ள வேண்டும். எக்குவாவின் தையல்காரர் முகம் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் வெட்டிவிட்டார். வாசலிலேயே அவளை நிறுத்திப் பின்பக்கம் திருப்பிப் பார்த்த செயலாளர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வழிகாட்டியின் முகத்தின் மேல் உட்காருவதா? அன்று முழுவதும், 'மேசையில் உன் இடத்தைப் பிடி' என்ற வகுப்பை எக்குவா நின்றுகொண்டே கேட்டாள்.

இதற்கிடையில் அவள் டேமாவுக்குப் போய்வந்தாள். கிடங்கு நன்றாகவே எரிந்திருந்தது. கூரைத்தகடு சுருண்டு, சுவர் கரிபிடித்துக் கிடந்தது. உள்ளே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். பொசுங்கிய வயர், உருகிய பிளாஸ்டிக், ஈரச் சாம்பல், அவ்வளவுதான். டேமாவில் ஒரு மீன் தலையை வீசினால் பத்துப் பூனை சண்டைக்கு வரும். இங்கே ஒரு பூனைகூட இல்லை.

வெளியே காவல்காரர் சோளமாவுக் கெங்கே உருண்டையை மிளகாய்த் தொக்கில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எரிஞ்சப்ப மீன் வாசனை எப்படி இருந்துச்சு?"

அவர் சிரித்துவிட்டார். "மீனா? மேடம், குளிர்க்கிடங்குக்குக் காவல் இருந்துக்கிட்டு வெறும் தொக்கோட கெங்கே திங்கிறவன் கானாவுலயே நான் ஒருத்தன்தான். எரியறதுக்கு முந்தியும் இதேதான்."

"இதை எழுத்துல குடுப்பீங்களா?"

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "எனக்குப் புள்ளகுட்டி இருக்கு மேடம். நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல."

"சரி, முதலாளி யாருன்னாவது சொல்லுங்க. காகிதத்துல ஏதோ கம்பெனிப் பேருதான் இருக்கு."

காவல்காரர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். "நானா செர்வாதான் மேடம். பெரிய மனுஷி. பொம்பளைங்களுக்கெல்லாம் வழி காட்டுறாங்களாமே!"

எக்குவா காரில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை பெண்கள் இருக்க, தனக்கு ஏன் நானாவே நேரடி வழிகாட்டியாக வாய்த்தார் என்ற கேள்விக்கு இப்போதுதான் விடை கிடைத்தது. அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன்னைத் தேடி வந்த மரியாதையைச் சந்தேகப்படாமல் விட்டிருந்தாள்.

அடுத்த சந்திப்பு அந்த வெட்கத்தை உறுதிசெய்தது. எக்குவா எதுவும் கேட்கும் முன்பே நானா சாய்ந்து, அம்பொன்சாவின் காதில் நீளமாக, மிக நீளமாகப் பேசினார். வழக்கமாக ஒரு சொல்லைப் பந்தலாக விரிக்கும் அம்பொன்சா, இந்தத் தடவை இரண்டே வாக்கியம் சொன்னார். "தாயார் அருளுகிறார். கருகியதைக் கிளறுகிற கைக்கு மோதிரம் ஏறாது." தடியைத் தட்டவும் மறந்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலையே லாம்ப்டே கூப்பிட்டார்.

"இன்னும் அறிக்கை வரலியே?"

"சார், மீன் எரியல."

"தீயணைப்புக்காரங்களே எரிஞ்சதுன்னு சொல்றாங்க."

"கட்டடம் எரிஞ்சது சார். மீனைக் காணோம்."

லாம்ப்டே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அன்பாகப் பேசினார். "எக்குவா, தலைமைங்கிறது என்னன்னு நினைக்கிறீங்க? நல்லாப் பாக்கத் தெரியறதா? அது குமாஸ்தா வேலை. எதைப் பாக்கக் கூடாதுன்னு தெரியணும். நான் மேல வந்தது அப்படித்தான். இதை எந்த வகுப்புலயும் சொல்லித் தர மாட்டாங்க. நேர்முகக் குழுவுல நானாவும் இருக்காங்க. பட்டமளிப்பு விழா முடியறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. மறுநாளே அந்த அறை உங்களுது."

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். அஜுவா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "போட்டுடு அக்கா. முதல்ல நாற்காலியில உக்காரு, உக்காந்தப்புறம் யோக்கியமா இருந்துக்கோ. எல்லாரும் அப்படித்தான் உக்காந்திருக்காங்க."

"உக்காந்தப்புறம் எவன்டி யோக்கியமா இருந்தான்?"

"அதுவும் சரிதான்" என்றாள் அஜுவா. "ஆனா உனக்கு அந்த நாற்காலி வேணும்ல?"

வேண்டும்தான். அந்தப் பிரிவின் ஒவ்வொரு வேலையும் எக்குவாவுக்குத் தெரியும். அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுவதுகூடத் தெரியும். இந்தத் தடவை விட்டால் இன்னொரு தடவை வராது என்பதும் தெரியும். கையெழுத்துப் போடாத அறிக்கை கைப்பையில் கிடந்தது, சட்டிக்குள் போட்ட நண்டு மாதிரி அது அவளைத் தூங்கவிடாமல் பிறாண்டியது.

பட்டமளிப்பு விழாவுக்குப் பெரிய அரங்கம் பிடித்திருந்தார்கள். அத்தனை பெண்களும் நானாவின் முகத்தை உடுத்தி வந்திருந்தார்கள். எங்கே திரும்பினாலும் நானா எக்குவாவையே பார்ப்பது போல இருந்தது. மேடையில் குடைக்குக் கீழே நானா, பக்கத்தில் மைக்கோடு அம்பொன்சா. விழாவுக்கு நன்கொடை கொடுத்த காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் லாம்ப்டேயும் மேடையில் இருந்தார். அவளைப் பார்த்ததும், கையெழுத்துப் போடுவது போல விரலைக் காற்றில் ஆட்டிச் சிரித்தார்.

ஒவ்வொரு பெண்ணாக மேடையேறி, ஓச்சாமே வழியாக நானாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். வங்கி அதிகாரி நன்றி சொன்னாள். வெம்மையைத் தணித்ததால் தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்றாள். அரங்கம் கைதட்டியது. அம்பொன்சா வாய் திறந்து மூடினாலே கைதட்டுவது அங்கே பழக்கமாகிவிட்டிருந்தது.

எக்குவாவின் முறை வந்தது. நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினாள். எதிரே பாதி ஏணியில் நிற்கிற அத்தனை பெண்களும் பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நாற்காலி போனால் போகட்டும் என்று வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, நானாகிட்ட ஒரே ஒரு கேள்வி. டேமாவுல அவங்க கிடங்குல அவ்வளவு மீன் எரிஞ்சிருக்கு. ஒரு பூனைகூட ஏன் எட்டிப் பாக்கல?"

அம்பொன்சா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு நானா பக்கம் திரும்பி, மைக்கில் முழங்கினார். "தாயே! டேமா நகரில் தங்கள் கிடங்கு எரிந்த அன்று, அத்தனை மீனுக்கும் ஆசைப்படாத பூனைகளின் வைராக்கியம் குறித்து இம்மகள் ஞானம் வேண்டுகிறாள்!"

ஆழமான கேள்வி என்று அரங்கம் முணுமுணுத்தது. சிலர் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

குடை ஆடியது. நானா அம்பொன்சாவின் தோள்துணியைப் பிடித்து இழுத்து, காதோடு வாயை வைத்துப் படபடவென்று பொரிந்தார். காது என்பது பேச்சு போய்ச் சேருகிற கடைசி இடம் என்று அவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அந்தக் காதுக்குப் பின்னால் ஒரு வாயும் அதற்கு முன்னால் ஒரு மைக்கும் இருப்பது கோபத்தில் மறந்துபோனது.

அம்பொன்சா நிமிர்ந்தார். தடியை ஓங்கித் தட்டினார்.

"தாயார் வினவுகிறார்! தீ வைக்கும் முன்பே மீனையெல்லாம் விற்றுக் காசாக்கிவிட்ட செய்தியை இந்த மகளிடம் உரைத்த நல்வாய் எது?"

அரங்கம் வழக்கம்போலக் கைதட்டியது. முன்வரிசையில் கைதட்டல் முதலில் நின்றது. பின்வரிசைக்கு விஷயம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல!" என்று நானா கத்தினார். அவருடைய சொந்தக் குரலை மன்றத்தின் பெண்கள் அன்றுதான் கேட்டார்கள். கொஞ்சம் கீச்சுக்குரல்தான்.

"தாயார் அப்படிச் சொல்லவில்லை என்று அருளுகிறார்," என்றார் அம்பொன்சா மைக்கில்.

"வாயை மூடுய்யா, மடையா!"

"அறிவிற் சிறந்த என்னை வாய்மூடுமாறு தாயார் பணிக்கிறார்," என்று அறிவித்துவிட்டு அவர் தடியை மேடைமேல் படுக்கவைத்தார். அதன்பின் பேசவில்லை.

செயலாளர் அம்மா ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். "பாத்தீங்களா சகோதரிகளே! இதுதான் ஒளிவுமறைவில்லாத தலைமை! இவ்வளவு வெளிப்படையா பேச எத்தனை பெண்களுக்குத் துணிச்சல் வரும்?" நாலைந்து பேர் மீண்டும் கைதட்டவும் செய்தார்கள்.

அவரைத் தள்ளிக்கொண்டு லாம்ப்டே வந்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. "எங்க நிறுவனம் இதை ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகப்பட்டுச்சு. இந்த விசாரணைக்கு நானே நேரடியா வழிகாட்டினேன். எங்க நஷ்டஈட்டுப் பிரிவோட புதிய தலைவர் எக்குவா மென்சிமா அவர்களை இந்த மேடையிலேயே அறிவிக்கிறதுல பெருமைப்படுறேன்!"

எக்குவாவுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. மறுகணமே விளங்கிவிட்டது. லாம்ப்டே அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார். வேண்டாம் என்று சொல்ல அவள் என்ன பைத்தியமா? பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். படம் எடுப்பவர்கள் நெருங்கியபோது அவர் காதருகே குனிந்தாள்.

"நன்றி சார். நானாவுக்கு இதுக்கு முந்தி நாம குடுத்த நஷ்டஈடெல்லாம் யார் கையெழுத்துல போச்சுன்னு நாளைக்கே பாத்துடுறேன்."

படத்தில் லாம்ப்டேயின் சிரிப்பு அப்படியே இருந்தது, முகத்தில்தான் உயிர் இல்லை.

எக்குவா அரங்கத்தின் படிகளில் இறங்கும்போது அம்பொன்சா பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். கையில் தடி இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தார்.

"உங்க வேலை போச்சே ஐயா," என்றாள் எக்குவா. அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "அவங்க காதுல சொன்னதைக் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாமே? பூனைக்கே வைராக்கியம் குடுத்த ஆளுதானே நீங்க?"

"என்னம்மா நீங்க!" என்றார் அம்பொன்சா. "மேடையேறின நாள்லேர்ந்து, உங்களை மிரட்டச் சொன்ன அந்த ஒரு தடவையைத் தவிர, அந்தம்மா என் காதுல சொன்னதெல்லாம் ஏசி, பசி, முதுகுவலி, அந்த வக்கீலம்மா ரவிக்கை சரியில்ல. அதையெல்லாம் வச்சு நானும் எத்தனை ஞானத்தைத்தான் பண்றது? உருப்படியா ஒரே ஒரு விஷயம் இன்னிக்குத்தான் சொன்னாங்க. அதையும் மாத்திச் சொல்லச் சொல்றீங்களே."